உண்ணிப்புதரை வெட்டிய பிறகு: சாட்ஸ்வர்த் ஓடைக்கரை ஒன்றின் பதினெட்டு மாத வேலைப்பதிவு

இடம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் உம்லாதுசானா ஆற்றுக்கு இறங்கும் பெயரில்லாச் சிற்றோடை ஒன்றின் இடது கரை. மேலே ஊஞ்சலும் பந்தாடும் திடலும் உள்ள சிறு பூங்கா, கீழே ஓடை. வேலைக்கு எடுத்த துண்டு 40 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். 480 சதுர மீட்டரிலும் லாண்டானா எனப்படும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் மண்டியிருந்தது. வேலை செய்தவர்கள் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை 7 முதல் 10 வரை, சராசரியாக 12 பேர்.

1950ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டத்தின்கீழ் 1960களில் இந்திய வம்சாவளியினருக்கென்று சாட்ஸ்வர்த் கட்டப்பட்டபோது வீடு கட்ட ஆகாத சரிவுகளும் ஓடைப்பள்ளங்களும் சும்மா விடப்பட்டன. இன்று இங்கே மிச்சமிருக்கும் பசுமை பெரும்பாலும் அந்தப் பள்ளங்களில்தான். குப்பை கொட்டப்படுவதும் 2022 ஏப்ரல் வெள்ளம் கரையை அரித்துப்போனதும் அங்கேதான்.

பதினெட்டு மாதத்தில் 36 நாள் வேலை. அதில் புதர் வெட்டியது 9 நாள். மீதி 27 நாளும் வெட்டிய பிறகு செய்யவேண்டிய வேலைக்கே போயின. புதிதாகத் தொடங்கும் குழுக்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொள்கின்றன. ஒரே மாதத்தில் பூங்கா முழுவதையும் வெட்டித் தள்ளிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் முன்பைவிட அடர்த்தியாக உண்ணி முளைத்து நிற்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு வெளிச்சம்தான் வேண்டும், அதைத் திறந்துவிட்டவர்கள் நாம். ஆகவே இந்தப் பதிவில் வெட்டுவதைச் சுருக்கமாகவும் அதற்குப் பிறகு வருவதை விரிவாகவும் எழுதியிருக்கிறோம்.

அனுமதி

ஓடைப்பள்ளங்களில் பெரும்பகுதி டி-மாஸ் என்ற மாநகரப் பசுமை வலைக்குள் வருகிறது. கத்தி எடுக்குமுன் டர்பனை நிர்வகிக்கும் இ-தெக்வினி மாநகராட்சியின் எழுத்துமூல ஒப்புதல் கையில் இருக்கவேண்டும். தேவைப்படும் தாள்கள் மூன்று: எல்லை குறித்த வரைபடம், எடுக்கப்போகும் செடிகளின் பட்டியல், நடப்போகும் செடிகளின் பட்டியல். ஓடையில் மண்ணையோ கல்லையோ 10 கன மீட்டருக்கு மேல் எடுத்தாலும் கொட்டினாலும் தேசியச் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் தனி அங்கீகாரம் வாங்கவேண்டும். கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கரை கட்டலாம் என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம் என்று வைத்தாலே 40 கன மீட்டர் ஆகிறது. அதனால் அந்த யோசனையை முதல் நாளே கைவிட்டு, விறகும் புல்லும் கொண்டே கரையைப் பிடித்து நிறுத்தத் திட்டமிட்டோம்.

எதை எடுப்பது, எதை விடுவது

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எடுக்கவேண்டிய செடிகளில் பல, ஊர்ப்பெயரோடு நமக்குப் பழகியவை.

முதலில் மலைவேம்பு. இங்கே எல்லோரும் சிரிங்கா என்பார்கள். “ஐயா, வேம்பை வெட்டாதீங்க, அது ஆத்தா மரம்” என்று வேலியோரம் வந்து நிற்பவர்களுக்கு இலையைக் காட்டித்தான் பதில் சொல்லமுடியும். வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் இலைகள் வரிசையாக இருக்கும். மலைவேம்பில் காம்பு கிளைத்து, அந்தக் கிளைகளில் இலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, இதன் பூ இளஊதா. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, மஞ்சள் உருண்டைக் காய்கள் மட்டும் கொத்துக்கொத்தாய்த் தொங்கினால் அது மலைவேம்பேதான். அந்நியச் செடிகள் ஒழுங்குவிதிகளின்படி நகர்ப்புறத்தில் இது 3ஆம் வகை. இருக்கும் மரத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக வளர்க்கவோ விற்கவோ கூடாது. ஆனால் அதே விதியில், ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் நிற்கும் 3ஆம் வகைச் செடி 1பி ஆகக் கருதப்படும் என்று இருக்கிறது. அதாவது, கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். கோவில் வாசலில் நிற்பதைத் தொடவேண்டியதில்லை, ஓடைக்கரையில் நிற்பதை எடுக்கவேண்டும். இப்படிப் பிரித்துச் சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை.

அடுத்து நாவல். நம் நாவல் மரம், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. அதன் ஒன்றுவிட்ட தம்பியான உம்டோனி இந்த மண்ணின் மரம், ஓடைக்கரைக்கென்றே பிறந்தது. பழமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இலையின் அடியைப் பார்க்கவேண்டும். நாவல் இலைக்குத் தெளிவான காம்பு உண்டு, அடி கூம்பி வரும். உம்டோனி இலை இதய வடிவில் கிளையை அணைத்துக்கொண்டிருக்கும், காம்பு இருப்பதே தெரியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் உம்டோனி கன்றுகளைப் பிடுங்கிய குழுக்கள் உண்டு.

பலூன் கொடி முடக்கத்தானுக்கு அக்கா. தோசைக்கு அரைக்கும் கீரை என்று நினைத்து யாரும் பறிக்கவேண்டாம். முடக்கத்தான் காய் 2 முதல் 4 சென்டிமீட்டர், இதன் காய் 5 சென்டிமீட்டருக்கும் மேல் உப்பியிருக்கும். முடக்கத்தான் விதையில் இதய வடிவ வெள்ளைக் குறி இருக்கும், இதில் சிறு வட்டம்தான்.

பக்வீட் என்பது சுண்டைக்காய் இனத்தைச் சேர்ந்தது. இலை வெல்வெட்டுப்போல் இருக்கும், காய் பழுத்தால் மஞ்சள். அந்த வெல்வெட்டு மயிர் மூச்சில் போனால் இருமல் நிற்காது, தோலில் பட்டால் அரிக்கும். முகக்கவசம் இல்லாமல் இதை வெட்ட யாரையும் அனுமதிப்பதில்லை.

இந்தக் கரையின் மேல் விளிம்பில் குரோமோலீனாவும் இருந்தது. சூலு மொழியில் உசந்தனேஸ்வே. இலையில் மூன்று நரம்பு முள்கரண்டிபோல் பிரியும், கசக்கினால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். பச்சையாக இருக்கும்போதே தீப்பிடிக்கும் செடி இது. அதனால் புதரருகே சிகரெட்டும் கூடாது, கற்பூரமும் கூடாது.

எப்போது

குரோமோலீனா ஜூன், ஜூலையில் பூக்கும், அதற்குப்பின் விதை காற்றில் பறக்கும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் அதை முடித்துவிடவேண்டும். வேர் ஆழமில்லை, மழை ஈரம் மிச்சமிருக்கும்போது கையாலேயே வரும். உண்ணியை மே முதல் ஆகஸ்ட் வரை எடுக்கலாம். செப்டம்பரில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும், அதன்பின் பெரும்புதர்களைத் தொடுவதில்லை. நடவு, அக்டோபர் மழை நிலத்தில் ஊறிய பிறகுதான்.

வெட்டுமுன், முந்தின இரவு டார்ச்சு எடுத்துக்கொண்டு ஒரு சுற்று. டர்பன் வட்டாரத்தைவிட்டு வேறெங்கும் அதிகம் காணக்கிடைக்காத கருந்தலைக் குட்டிப் பச்சோந்தி இந்தப் புதர்களிலும் உயரமான புல்லிலும் வாழ்கிறது. பகலில் கண்ணுக்குப் படாது. இரவில் குச்சியின் நுனியில் உறங்கும்போது வெளிறிப்போய், டார்ச்சு வெளிச்சத்தில் விரல்நீள வெள்ளைத் துண்டுபோலத் தெரியும். இருக்கும் கிளைக்குத் துணி கட்டிவைத்து, காலையில் அந்தக் கிளையை அப்படியே வெட்டி, சில மீட்டர் தள்ளி, இந்த ஆண்டு வெட்டாத புதருக்குள் செருகிவிடவேண்டும். கையால் பிடிக்கவேண்டியதே இல்லை.

பாம்புக்கு: காலையில் முதல் வேலை நீளக் கம்பால் புதரைத் தட்டி ஐந்து நிமிடம் நிற்பது. கறுப்பு மாம்பா டர்பன் பள்ளங்களில் இருக்கிறது, குளிர்காலம் அதன் இணைசேரும் பருவம். பாம்பு பிடிப்பவரின் எண் குறைந்தது இரண்டு பேர் தொலைபேசியில் இருக்கவேண்டும். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முழுக்கால்சட்டை, தோல் கையுறை இல்லாதவர் அன்று தண்ணீர் சுமக்கலாம், வெட்டக்கூடாது.

எடுக்கும் முறை

கருவிகள்: கரும்பு வெட்டும் கத்தி 4, நீளப்பிடிக் கத்தரி 4, வில்ரம்பம் 2, குந்தாலி 4, கடப்பாரை 2, ட்ரீ பாப்பர் 1. கடைசியாகச் சொன்னது நெம்புகோல் முறையில் சிறுமரத்தை வேரோடு பிடுங்கும் கருவி. மலைவேம்புக் கன்றுகளுக்கு அதற்கு ஈடில்லை.

உண்ணியில் எல்லோரும் செய்யும் தவறு, தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டுப் பிறகு வேரைத் தோண்டலாம் என்று நினைப்பது. அப்புறம் பிடிக்க எதுவும் இருக்காது, அடிக்கட்டை எங்கே என்றும் தெரியாது. பத்தாவது நாள் ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுத் துளிர் வந்திருக்கும். சரியான வரிசை இது: முதலில் இடுப்புயரத்தில் வெட்டி மேல்புதரை அகற்றவும். 70, 80 சென்டிமீட்டர் தண்டு நிற்கட்டும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணுக்குச் சற்றுக் கீழே முண்டு ஒன்று இருக்கும், துளிரெல்லாம் அதிலிருந்துதான். குந்தாலியை முண்டுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி நெம்பவும், இன்னொருவர் நிற்கும் தண்டைப் பிடித்து எதிர்ப்பக்கம் சாய்க்கட்டும். முண்டு வந்துவிட்டால் ஆழத்தில் அறுந்து நிற்கும் வேரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பிடுங்கியதை ஈரமண்ணில் போட்டால் தண்டிலிருந்தே வேர்விடும். வேர் மேலே பார்க்கும்படி, காய்ந்த கட்டைகளின்மேல் தூக்கி அடுக்கவேண்டும். மூன்று வாரம் காய்ந்தபின்தான் அது விறகு. காய் உள்ள கிளைகளைத் தனியாகக் கத்தரித்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம்.

களைக்கொல்லி ஓடைக்கரையில் கூடாது என்பது எங்கள் முடிவு. மேல் விளிம்பில், பிடுங்க முடியாத மூன்று பெரிய மலைவேம்புகளுக்கு மட்டும் பதிவுபெற்ற ஒருவர் வந்து அடிக்கட்டையில் தடவினார். வெட்டிய சில நிமிடங்களுக்குள், பட்டைக்கு உட்புறப் பச்சை வளையத்தில் மட்டும், நிறச்சாயம் கலந்து. தாமதித்தால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது. குளிர்காலத்தில் வறட்சியால் வாடி நிற்கும் உண்ணியின் இலைமேல் மருந்தடிப்பது வீண்செலவு. செடி உறங்கும்போது மருந்தை வேருக்கு இறக்காது.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் சிட்னியில் பிராட்லி சகோதரிகள் வகுத்த முறையைப் பின்பற்றினோம். களை குறைவாக, மண்ணின் செடிகள் ஓரளவு நன்றாக உள்ள முனையிலிருந்து தொடங்கி, அடர்ந்த இடத்தை நோக்கி மெல்ல நகர்வது. அடர்ந்த இடத்தில் முதலில் பாயத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் நல்ல முனையில் ஏற்கெனவே இருக்கும் உம்டோனியும் நிழற்செடிகளும் வெட்டிய இடத்தைத் தாங்களே நிரப்பும். நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்பவை அவை.

பூசைப்பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. ஓடையோரம் தேங்காய், பூமாலை, அகல், கிழிந்த சாமிப்படம், சட்டி எல்லாம் வரும். இதைக் குப்பையோடு குப்பையாகப் பைக்குள் தள்ளினால் பாதிப்பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள், அது நியாயமும்கூட. பூவும் தேங்காயும் மேட்டில் ஒரு குழியில், மண்பாத்திரமும் அதிலேயே. படமும் துணியும் தனிப்பெட்டியில், அவற்றைக் கோவிலில் கொடுக்க ஒருவர் பொறுப்பு.

என்ன கெட்டது

முதல் ஆண்டு ஆகஸ்ட் முடிவில் கரை முழுக்கச் சுத்தமாக இருந்தது. அதுதான் பிழை. அக்டோபர் முதல் வாரத்துப் பெருமழை ஒன்றில் சரிவின் நடுவில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆறேழு வாய்க்கால்கள் விழுந்தன. மேல்மண் ஓடைக்குப் போனது. காரணம் எளிது. உண்ணியின் நிழலில் புல் ஒன்றும் வளராது, புதருக்கடியில் மொட்டைமண்தான். அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது உண்ணியின் வேர் ஒன்றே. களை என்றாலும் அந்த வேலையை அது செய்துகொண்டிருந்தது. அதை எடுக்குமுன் அந்த வேலைக்கு மாற்று ஆள் வைத்திருக்கவேண்டும்.

இப்போது கடைப்பிடிப்பது இது. தண்ணீரை ஒட்டிய கடைசி 2 மீட்டர் பட்டையில் உண்ணியை முதல் ஆண்டு பிடுங்குவதே இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டி, துளிரை மாதம் ஒருமுறை ஒடித்துக்கொண்டே இருந்து, இடையிடையே புல் நட்டு, புல் பிடித்தபின் முண்டை எடுக்கிறோம். மேலே, பிடுங்கும் நாளிலேயே விறகுவரிசை போடுகிறோம்.

விறகுவரிசை என்பது காய்ந்த உண்ணிக் கிளைகளைச் சரிவின் குறுக்கே சமமட்டக் கோட்டில் படுக்கவைத்து முளையடித்து நிறுத்துவது. சமமட்டம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணளவில் போட்டால் ஒரு முனை தாழ்ந்துபோகும், தண்ணீர் அந்த முனைக்கு ஓடிச் சேர்ந்து அங்கே பெரிய ஓட்டை போடும். முதல் இரண்டு வரிசையில் அதுதான் நடந்தது. பிறகு மட்டம் பார்க்க, A எழுத்து வடிவில் ஒரு கம்புச்சட்டம் செய்தோம். அதற்குக் காசு வேண்டாம்.

2 மீட்டர் கம்பு இரண்டை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை 1.5 மீட்டருக்கு விரித்து, இடுப்பளவில் குறுக்குக்கம்பு கட்டவும். உச்சியிலிருந்து நூலில் கல் தொங்கட்டும், கல் குறுக்குக்கம்புக்குக் கீழே வரவேண்டும். எந்தத் தரையிலாவது நிறுத்தி, இரண்டு கால்களும் ஊன்றிய இடத்தில் குச்சி நடவும். நூல் குறுக்குக்கம்பில் படும் இடத்தில் பென்சில் கோடு. இப்போது சட்டத்தைத் திருப்பி, இடக்கால் இருந்த இடத்தில் வலக்காலை வைத்து, மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவே மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். இனி சரிவில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் நடுக்கோட்டில் நிற்கும் இடத்தில் முளை அடிக்கவும். அந்தக் காலை அச்சாக்கிச் சுழன்று அடுத்த முளை. 40 மீட்டர் கோடு போட இரண்டு பேருக்கு இருபது நிமிடம். காற்றடிக்கும் நாளில் கல் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது கனமான கல்லாகப் பார்த்துக் கட்டவேண்டும்.

வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர். இந்தக் கரைக்கு நான்கு வரிசை, 160 மீட்டர். முளை 60 சென்டிமீட்டர் நீளம், 40 மண்ணுக்குள், 20 வெளியே, 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஆக ஏறக்குறைய 270 முளை. காய்ந்த யூகலிப்டஸ் கம்பு நல்லது. பச்சை உண்ணித்தண்டை முளையாக அடித்தால் அது முளைத்துவிடும். கிளைகளை முளைக்கு மேற்புறம் முழங்கால் உயரத்துக்குப் போட்டு, ஏறி மிதித்து, மண்ணோடு ஒட்டச் செய்யவேண்டும். கிளைக்கும் மண்ணுக்கும் இடைவெளி இருந்தால் தண்ணீர் அடியில் புகுந்து ஓடும். மிதித்தபின் மேற்புறம் ஒரு கை மண்ணும் சருகும் அணைத்துவிட்டால் முதல் மழையிலேயே வண்டல் பிடிக்கத் தொடங்கும். நடவுக்குச் சிறந்த இடம் அந்த வண்டல்தான்.

விறகு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2017இல் பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில், இந்த நாட்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட துளைவண்டு விறகோடு விறகாக ஊரூராகப் போகிறது. எள்ளைவிடச் சிறியது, பட்டையில் போடும் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பென்சில் முனையால் குத்தியதுபோல் இருக்கும். அப்படித் துளையுள்ள கட்டை எதையும் கரைக்குக் கொண்டுவரவும் கூடாது, கரையிலிருந்து கொண்டுபோகவும் கூடாது.

நடவு

கீழ்ப்பட்டை 40 மீட்டருக்கு 2 மீட்டர், 80 சதுர மீட்டர். இதற்கு அகலஇலைச் செட்டாரியா புல். நிழலிலும் வளரும், வேர் கரையைக் கவ்விப் பிடிக்கும், விதையைச் சிட்டுகள் தின்னும். 30 சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 11 நாற்று, மொத்தம் 880. 10 லிட்டர்ப் பையில் நன்றாகத் தூர்கட்டிய ஒரு புல்லைப் பிரித்தால் 14 நாற்று வரை வரும், ஆகவே 63 பை போதும். ஒவ்வொரு நாற்றிலும் மூன்று நான்கு தூர் இருக்கட்டும். இலையை 15 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டு, வேரைச் சேற்றுக்குழம்பில் முக்கி நடவும். இலையை வெட்டாமல் நட்ட முதல் தட்டு முழுக்க வாடிப்போனது. வேர் அறுபட்ட நாற்றுக்கு அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

வெட்டிவேர் நடலாமே என்று பலர் கேட்கிறார்கள். சாலைவடிகால் குழாய் வந்து விழும் இடத்தில், காங்கிரீட்டை ஒட்டி, நடலாம். அங்கே அதைவிட நல்லது இல்லை. ஆனால் காட்டை மீட்கும் துண்டில் இந்த மண்ணின் புல்லுக்கே இடம்.

மேற்பகுதி 400 சதுர மீட்டரில் 2.5 மீட்டர் இடைவெளிக்கு 64 மரக்கன்று. ஓடைக்கு அருகே உம்டோனி. நடுவில் இந்த மண்ணின் மரங்களான பிரிடேலியா, ட்ரீமா. உச்சியில் டர்பனுக்கே அடையாளமான தட்டைக்குடை மரம், நம் வாகைக்கு உறவு. 4 லிட்டர்ப் பைக்கன்றுக்கு 40 சென்டிமீட்டர் சதுரக்குழி. வட்டக்குழியின் வழுவழுப்பான சுவரில் வேர் வளையமிட்டுச் சுற்றும், சதுரத்தின் மூலையில் முட்டி வெளியே போகும். சரிவில் குழிக்குள் தொழுவுரம் போடுவதில்லை. வேர் அந்தச் சுகத்தைவிட்டு வெளியே வராது. உரமிருந்தால் மேலே போடுங்கள். கீழ்ப்புறம் பிறைவடிவில் சிறுவரப்பு, நட்டதும் 5 லிட்டர் தண்ணீர், 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு. சருகு தண்டைத் தொடக்கூடாது, ஒரு கையகலம் விட்டுப் போடவும்.

கல்யாண முருங்கையின் ஆப்பிரிக்க உறவான எரித்ரினாவைக் கன்றாக வாங்கவேண்டியதே இல்லை. ஆகஸ்டில் கைக்கனமுள்ள கிளை, ஒன்றரை மீட்டர் நீளம், வெட்டி ஒரு வாரம் நிழலில் சாய்த்துவைத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். உலராமல் ஊன்றியது அழுகிவிடும். துளைவண்டுக்கு இந்த மரம் மிகப் பிடித்தம், ஆகவே பட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தபின்தான் வெட்டவேண்டும்.

முதல் குளிர்காலம் முடிந்தபோது செத்த கன்றுகளில் பாதிக்கு மேல் வறட்சியால் சாகவில்லை. பூங்காவில் புல் வெட்ட வந்த ஒப்பந்தக் குழுவின் நைலான் நூல் இயந்திரம், கன்றின் அடிப்பட்டையைச் சுற்றிலும் சீவிவிட்டிருந்தது. வளையமாகப் பட்டை போனால் கன்று இரண்டு வாரம் பச்சையாக நிற்கும், பிறகு திடீரென்று காயும். அதனால் காரணம் பிடிபட நாளாயிற்று. இப்போது ஒவ்வொரு கன்றுக்கும் 1.2 மீட்டர்க் குச்சி, மேல் 30 சென்டிமீட்டர் வெள்ளைச் சுண்ணாம்பு. அடியில் இரண்டு லிட்டர்ப் பாட்டிலை நெடுக்கக் கீறிச் சட்டைபோல் மாட்டியிருக்கிறோம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் புல்லை நாமே கையால் எடுத்துவிட்டால் இயந்திரம் கிட்டே வரவேண்டிய அவசியமே இல்லை. வெட்டும் நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, காலையில் ஒருவர் போய் எல்லையைக் காட்டுவது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது. வேலைக்கு வரும் தம்பிகளுக்கு எது களை எது கன்று என்று யாரும் சொன்னதே இல்லை.

மறுகளை

மறுபடி முளைக்கும் களையை எடுப்பதுதான் மறுகளை. மழை தொடங்கி ஆறாவது வாரம் முதல் சுற்று. பிறகு கோடை முழுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை. ஐந்து சென்டிமீட்டர் நாற்றாக இருக்கும்போது இரண்டு விரலால் வரும், ஒரு பருவம் விட்டால் குந்தாலி வேண்டும்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. ட்ரீமா நாற்றும் உண்ணி நாற்றும் ஒரே திடலில் முளைக்கும், இரண்டுக்கும் சொரசொரப்பான, பல்விளிம்பு இலை. முதல் சுற்றில் நூற்றுக்கணக்கான ட்ரீமாவைப் பிடுங்கியெறிந்தோம். காசு கொடுக்காமல் தானாகக் கிடைத்த மரங்கள் அவை. உட்கார்ந்து, தண்டைப் பாருங்கள். உண்ணியில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும், தண்டைக் கட்டைவிரலில் உருட்டினால் நான்கு விளிம்பு தட்டுப்படும், கசக்கினால் காரவாடை. குரோமோலீனாவிலும் எதிரெதிர்தான். ட்ரீமாவில் ஒன்றுவிட்டு ஒன்று, இலையடி ஒருபக்கம் சற்று இறங்கியிருக்கும், வாடை கிடையாது. ஆகவே புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் ஒரே விதி: இலை எதிரெதிராக இருந்தால் கேட்டுவிட்டுப் பிடுங்கு, ஒன்றுவிட்டு ஒன்றாக இருந்தால் விட்டுவை. பக்வீட், மலைவேம்பு, பலூன் கொடி மூன்றும் இந்த விதிக்கு விலக்கு. பக்வீட் இலையில் பல்விளிம்பு இல்லை, தொட்டால் வெல்வெட்டு.

நல்ல முனையின் நிழலில் இசோக்ளோசா தானாகவே படர்ந்திருக்கிறது. குறிஞ்சியின் குடும்பம். குறிஞ்சியைப் போலவே பல ஆண்டுகள் பூக்காமல் இருந்து, ஒரே காலத்தில் காடு முழுக்கப் பூத்து, காய்த்து, மடிந்துபோகும். அப்படி மொத்தமாகக் காய்ந்து நிற்பதைப் பார்த்து நோய் என்று நினைத்து வெட்டவேண்டாம். அதன் விதை கீழே விழுந்திருக்கும்.

அளவு

படம் எடுக்க நான்கு இடத்தில் முளை அடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே உயரத்தில், அதே திசையில். தண்ணீரின் தரம் பார்க்க மினிசாஸ். இது தென்னாப்பிரிக்காவிலேயே பொதுமக்களுக்காக உருவாக்கப்பட்ட முறை. ஓடைக்கல்லைக் காலால் கலக்கி வலையில் ஐந்து நிமிடம் பிடிக்கும் சிற்றுயிர்களை 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உள்ள மதிப்பெண்ணைக் கூட்டி, கிடைத்த வகைகளின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். எத்தனை உயிர் கிடைத்தது என்பது கணக்கில்லை, எந்தெந்த வகை என்பதே கணக்கு. சராசரி கூடினால் தண்ணீர் தேறுகிறது என்று பொருள். தொடக்கத்தில் கிடைத்தவை புழு (2), நத்தை (4), ஈக்குடம்பி (2), ஊசித்தட்டான் (4). கூட்டினால் 12, சராசரி 3. பதினைந்தாம் மாதம் நண்டு (6), தட்டான் (6), சிறு மேஃபிளை (5) சேர்ந்தன. 29ஐ ஏழால் வகுத்தால் 4.1. கல்லீ என்ற ஸ்டோன்ஃபிளைக்கு 17. அது இந்த ஓடையில் இன்னும் கண்ணில் படவில்லை.

இந்த எண்ணை வைத்து நம் நடவைப் பாராட்டிக்கொள்வதற்குமுன் மேலே நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். சாக்கடை ஆள்துளை ஒன்று பொங்கினால் ஒரே வாரத்தில் எண் 3க்குத் திரும்பிவிடும். ஒருமுறை திரும்பியது. சாம்பல்நிறத் தண்ணீர், கல்லின்மேல் பஞ்சுபோல் வழுக்கல், நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தால் அன்று யாரும் ஓடையில் இறங்கக்கூடாது. இடத்தைக் குறித்துப் புகார் எண் வாங்கவும். எண் வாங்காத புகார் பதிவாகாது.

எதிர்க்கரையில் 40 மீட்டருக்கு உண்ணி அப்படியே நிற்கிறது. அதன் காய் பறவை வழியே இந்தப் பக்கம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அதில் இன்னும் கத்தி வைக்கவில்லை. சென்ற மறுகளைக்கு இரண்டரைச் சனிக்கிழமை பிடித்தது. ஒரே சனிக்கிழமையில் 480 சதுர மீட்டரையும் முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கருவி கழுவ முடிகிற மாதத்தில், எதிர்க்கரையின் மேல்முனையில் முதல் ஐந்து மீட்டரை எடுக்கப்போகிறோம்.